கட்லா விடுமுன் விராலைப் பிடியுங்கள்

கண்மாய்த் தண்ணீரில் மீன் வளர்க்கும் விருதுநகர் மாவட்ட விவசாயிகள் ஆண்டுதோறும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஐயாயிரம் குஞ்சு விட்டோம். வலை போட்டு எண்ணிப் பார்த்தால் இரண்டாயிரம்கூடத் தேறவில்லை" என்பார்கள். குஞ்சு விற்றவர் எண்ணிக்கையில் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் கருதுகிறார்கள். கொக்கும் நீர்க்காகமும் தின்றுவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். கலுங்கு பாய்ந்தபோது வெளியேறிவிட்டது என்போரும் உண்டு. இவை எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் குஞ்சு வருவதற்கு முன்பே கண்மாய்க்குள் குடியிருந்த விராலைப் பற்றிப் பேசுவோர் மிகவும் குறைவு.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பகுதியில் மீன்பாசிக் குத்தகையில் பங்கு சேர்ந்திருந்த சில சிறு விவசாயிகளிடம் விராலைப் பற்றிச் சொன்னபோது, அவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். "வலை போட்டால் கருவேல முள் கிழித்துவிடுகிறது. மருந்து போட்டால் ஆடுமாடு குடிக்கிற தண்ணீர் கெட்டுவிடும். பிறகு விராலை எப்படி ஐயா எடுப்பது?" என்றார் ஒருவர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. பதில் தூண்டில்தான். ஆனால் கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தூண்டில் அல்ல. சின்னத் தெப்பத்தில் போய், இரையை நகர்த்தி நகர்த்திப் பிடிக்கும் தூண்டில்.

முதலில் விராலின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றும் தண்ணீரில் கரைந்துள்ள உயிர்வளியை நம்பி வாழ்பவை. கோடையில் கண்மாய் வற்றி, தண்ணீர் சூடேறினால் முதலில் மிதப்பவை இவைதான். விரால் அப்படியல்ல. தலைக்குள் காற்றைத் தேக்கி மூச்சுவிட அதற்குத் தனி அறை உண்டு. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். தண்ணீர் குறைந்தால் சேற்றுக்குள் புதைந்து ஈரம் இருக்கும்வரை உயிரோடு கிடக்கும். மழை பெய்த இரவில் ஈரத்தரையில் நெளிந்து ஒரு பள்ளத்திலிருந்து மறு பள்ளத்துக்குப் போய்விடும். எனவே "போன சித்திரையிலேயே கண்மாய் வற்றிவிட்டது, இப்போது விரால் ஏது?" என்று யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம். வரத்துக்காலிலும், கரம்பை மண் எடுத்த குழிகளிலும், மடையடிச் சேற்றிலும் தங்கிய விரால், ஐப்பசித் தண்ணீர் வந்ததும் கண்மாய் முழுவதும் பரவிவிடும்.

விரால் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ள மீனைச் சிரமமின்றி விழுங்கக்கூடியது. ஓர் அடி விராலுக்கு நான்கு அங்குலக் குஞ்சு ஒரு வாய். ஒன்றரை அடி விராலுக்கு அரை அடிக் குஞ்சும் ஒரு வாய்தான். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 1,000 குஞ்சு விடுகிறீர்கள். அந்த ஓர் ஏக்கரில் 10 பெரிய விரால் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு குஞ்சு தின்றாலும், குஞ்சுகள் விராலின் வாய்க்கு அடங்காத அளவுக்கு வளர்வதற்குள் 60 நாட்களில் 600 குஞ்சு போய்விடும். மீதி 400-ல்தான் கொக்குக்கும் கலுங்குக்கும் பங்கு. குத்தகைப் பணம், குஞ்சு விலை, காவல் கூலி எல்லாவற்றையும் இந்த மீதிதான் சுமக்க வேண்டும். வட்டிக்கு வாங்கிக் குத்தகை எடுத்தவர் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகமாக இருந்தது. ஆற்றில் வலைபோட்டு அள்ளிய குஞ்சையே வாங்கி விட்டார்கள். அதில் விரால், வாளை போன்ற கொல்லி மீன்களின் குஞ்சுகளும் கலந்து வந்துவிடும். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இந்தியப் பெருங்கெண்டையை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பிறகு பண்ணைகளிலேயே கலப்பில்லாத குஞ்சு கிடைக்கத் தொடங்கியது. ஆகவே இன்று விலைக்கு வாங்கும் குஞ்சோடு விரால் வருவதில்லை. அது உங்கள் கண்மாயில் ஏற்கெனவே இருக்கிறது.

வலையும் மருந்தும்

இழுவலை விராலுக்கு அவ்வளவாகப் பயன்படாது. வலை நெருங்கும்போது அது சேற்றில் தலையைச் செருகி வலையைத் தன்மேல் கடந்துபோக விட்டுவிடும், அல்லது வலைக்கு மேல் தாவிவிடும். நம் பகுதிக் கண்மாய்களில் நாட்டுக் கருவேலும் சீமைக் கருவேலும் தண்ணீருக்குள் நிற்பதால் வலையை இழுப்பதே பெரும்பாடு. தண்ணீர் வற்றியபின் ஊர் கூடி ஊத்தாவும் கச்சாவும் கொண்டு அழிகண்மாயில் இறங்கும்போது விரால் சிக்கும். ஆனால் அது அறுவடைக் காலத்து வேலை. குஞ்சு விடுவதற்கு முன்னால், கண்மாய் நிரம்பி நிற்கும்போது அது நடக்காது.

இலுப்பைப் புண்ணாக்கு நல்ல முறைதான். ஒரு மீட்டர் ஆழமுள்ள நீருக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ வீதம் ஊறவைத்துக் கரைத்துத் தெளித்தால் எல்லா மீன்களும் செத்து மிதக்கும். இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு போய், அதுவே குளத்துக்கு எருவாகிவிடும். சொந்தப் பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்கள் இதைத் தாராளமாகச் செய்யலாம். 10 சென்ட் குட்டையில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் 100 கிலோ போதும். ஆனால் 40 ஏக்கர் கண்மாய்க்கு இதே கணக்கில் 40 டன் வேண்டும். பணம் ஒருபுறம் இருக்க, ஊர் மாடுகள் குடிக்கும் தண்ணீரில் இதைக் கரைக்க ஊரார் சம்மதிக்கவும் மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது.

வெடி போடுவதைப் பற்றியும் இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வெடிமருந்து புழங்கும் வட்டாரம் இது. அதனால் "ஒரு தோட்டா போட்டால் வேலை முடிந்தது" என்று யாராவது சொல்வதுண்டு. வெடி அதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை வெடிக்கும். பாதி மீன் மிதக்காமல் அடியில் போய் அழுகும். கை போகும், உயிரும் போகும். வெடி வைத்தோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. பருத்திக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சத்தைக் கண்மாய் மூலையில் ஊற்றுவது அதைவிடக் கொடிய செயல். அந்த மீனைத் தின்பவர் நம் வீட்டுப் பிள்ளைகளே.

இழுத்துப் போகும் தூண்டில்

ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் சென்று மீன் பிடிப்பது நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடிக் கடலில் நெய்மீனுக்கும் சூரைக்கும் இப்படிப் பிடிப்பது பழைய தொழில். நன்னீரில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கிராப்பி என்று ஒரு மீன் உண்டு. கால் கிலோ, அரைக் கிலோ எடைதான் இருக்கும். கூட்டமாக வாழும், தண்ணீரில் மூழ்கிய மரங்களை அண்டி நிற்கும், சின்ன மீன்களைத் தின்னும். மிசிசிப்பி மாநிலத்தில் கிரனாடா, சார்டிஸ், ஈனிட் என்று வெள்ளத் தடுப்புக்காகக் கட்டிய பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. கோடையில் அங்கே சின்னப் படகுகளில் போய், விசிறிபோல் பல கம்புகளை நீட்டி, கிராங்க்பெய்ட் எனப்படும் பொம்மை மீன்களை இழுத்துக்கொண்டே கிராப்பி பிடிக்கிறார்கள்.

இந்தப் பொம்மை மீனின் அமைப்பு எளிமையானது. மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன, விரலளவு மீன். வயிற்றிலும் வாலிலும் மூன்று முனை கொண்ட முட்கள். முகத்தின் கீழே நாக்குப்போல ஒரு சின்னத் தகடு. சும்மா விட்டால் மிதக்கும். இழுத்தால் தகடு தண்ணீரைத் தள்ள, மூக்குக் கீழே சாய்ந்து, உடம்பு ஆடிக்கொண்டே முங்கிப்போகும். ஏர்க்கலப்பையின் கொழு சாய்வுக்குத் தக்கபடி மண்ணில் இறங்குவதைப் போன்றதே இது. தகடு நீளமாக இருந்தால் ஆழம் அதிகம். நரம்பைக் கூடுதலாக விட்டாலும், மெல்லிய நரம்பைக் கட்டினாலும் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். எனவே எத்தனை அடி நரம்பு விட்டால் எத்தனை அடி ஆழத்தில் பொம்மை ஓடும் என்பதை அவர்கள் கணக்காக வைத்திருக்கிறார்கள். படகின் வேகம் மணிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோமீட்டர். அதாவது நாம் நிதானமாக நடப்பதைவிடவும் குறைவு.

கோடையில் ஏரியின் அடித்தண்ணீரில் உயிர்வளி குறையும்போது கிராப்பி நடு ஆழத்தில் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தில் இரை ஓடினால் மீன் கிடைக்கும், இரண்டு அடி தவறினாலும் நாள் முழுவதும் கை வெறுமைதான். அதனால்தான் அவர்களுக்கு அவ்வளவு ஆழக் கணக்கு. கிராப்பியின் வாய்த்தோல் காகிதம்போல் மெல்லியது என்பதால் வெடுக்கென்று இழுக்கவும் கூடாது.

இந்த முறையை அப்படியே எடுத்து வந்து நம் கண்மாயில் போட்டால் பலன் இராது. விரால் கூட்டமாக நடுத் தண்ணீரில் நிற்கும் மீனல்ல. கோரை ஓரத்திலும் மரத்தூரிலும் பதுங்கியிருந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாயும். நெடுந்தூரம் துரத்தாது. மேலும் ஆறு முனை முள் தொங்கும் பொம்மையைக் கருவேலங் கிளைகளுக்கு நடுவே இழுத்தால் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு சிக்கு. ஆனால் அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. மீன் நம்மைத் தேடி வரும் என்று காத்திராமல், மீன் நிற்கும் இடங்களை வரிசையாகக் கடந்து இரையைக் கொண்டுபோக வேண்டும். ஒரு காலை நேரத்தில் கண்மாயின் ஓரம் முழுவதையும் ஒரு சுற்றுத் தேடிவிடலாம். கரையிலிருந்து இது முடியாது.

கரிசல் கலங்கிய ஐப்பசித் தண்ணீரில் பொம்மை மீனின் கண்ணுக்குத் தெரியாதே என்று சந்தேகம் வரலாம். மீனின் இரு விலாவிலும் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு. கலங்கல் நீரில் விரால் இரையைப் பார்ப்பதைவிட உணர்ந்தே பாய்கிறது. ஆகவே அசையும் இரைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

கண்மாயில் எப்படி

படகு வாங்க வேண்டியதில்லை. தெர்மோகோல் பலகைகளைச் சாக்கில் பொதிந்து தைத்துக் கட்டிய தெப்பம் இருவருக்குப் போதும். லாரி ட்யூப் இரண்டின்மேல் பலகை கட்டியும் செய்யலாம். ஒருவர் மூங்கில் கழியால் ஊன்றித் தள்ள, மற்றவர் தூண்டிலைப் பிடிக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர் ஏறக் கூடாது. தெரிந்தவரும் காற்றடைத்த ட்யூப் ஒன்றை உடம்போடு கட்டிக்கொள்வது நல்லது. கண்மாய் முழுவதும் இடுப்பளவுதான் என்று நினைத்திருக்கும்போது, மண் அள்ளிய குழி இரண்டு ஆள் ஆழம் இருக்கும். கழி தட்டாத இடத்தைக் கண்டால் அங்கே ஒரு அடையாளக் குச்சியைக் கட்டி மிதக்கவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் மாலை இடிமழை வரும். மேகம் கறுத்ததும் கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

தடித்த தங்கூஸ் நரம்பு வேண்டும். விரால் கடித்ததும் முதல் வேலையாக மரத்தூரைச் சுற்றிக்கொள்ளப் பார்க்கும். மெல்லிய நரம்பு அங்கேயே அறுந்துவிடும். ஐந்தடி ஆறடி மூங்கில் கம்பு போதும். சுருள் வைத்த விலைக் கம்பு இருந்தால் வீசி இழுக்க வசதி, இல்லாவிட்டால் நரம்பைக் கட்டையில் சுற்றிக்கொள்ளலாம்.

இரைக்கு உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து விடுவது நம் பழைய வழக்கம். அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தவளை நம் வயலில் கூலியில்லாமல் பூச்சி பிடிக்கும் வேலையாள். தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-ல் அரசு தடை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது தூண்டில் சாமான் கடைகளில் ரப்பர் தவளை கிடைக்கிறது. உள்ளே காற்றுள்ள மெல்லிய பொம்மை. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். மீன் கடித்து ரப்பர் அமுங்கினால்தான் முள் வெளியே வரும். இதனால் அல்லி இலைமேலும் கோரை நடுவிலும் கருவேலங் கிளைமேலும் சிக்காமல் நழுவி வரும். நம் கண்மாய்க்கு இதுவே ஏற்றது. தகடு வைத்த பொம்மை மீன் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மரமில்லாத திறந்த இடத்தில், அதாவது கண்மாய்க்குள் ஓடும் பழைய வாய்க்கால் பள்ளத்திலும் கரையை ஒட்டி மண் வெட்டிய பள்ளத்திலும் அது உதவும். அங்கே ஆழத்தை முன்னதாக அறிந்திருக்க வேண்டும். கல் கட்டிய கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கிப் பார்த்தால் போதும். பொம்மை தரையைத் தட்டாமல் ஒரு முழம் மேலே ஓட வேண்டும்.

விடிந்தபின் இரண்டு மணி நேரமும், சாயங்காலம் பொழுது சாயும் நேரமும் ஏற்ற வேளை. முதலில் தெப்பத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். விரால் காற்றுக்கு மேலே வரும்போது "மொளுக்" என்று ஒரு சத்தம் கேட்கும், ஒரு வளையம் விரியும். அந்த இடங்களை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கோரை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று பாக தூரம் தள்ளி, ஆடு மேய்த்துக்கொண்டு நடக்கும் வேகத்தில் தெப்பத்தைத் தள்ள வேண்டும். தெப்பத்துக்கும் இரைக்கும் 30, 40 அடி இடைவெளி இருக்கட்டும். தெப்பத்தின் நிழலும் கழியின் சத்தமும் மீனை ஒதுக்கிவிடும் என்பதால் இந்தத் தூரம் அவசியம். ஒரே சீராக இழுக்காமல், பத்தடிக்கு ஒருமுறை தெப்பத்தை நிறுத்தினால் தவளையும் நிற்கும். நின்ற இரை மறுபடி நகரும் கணத்தில்தான் விரால் பெரும்பாலும் பாய்கிறது. மரத்தூர், மடை வாய், கல் பதித்த கரை, வரத்துக்கால் நுழையும் இடம் ஆகியவற்றை அடைந்தால் தெப்பத்தை நிறுத்திவிட்டு, அவற்றுக்கு அப்பால் தவளையை வீசி மெதுவாக அருகே இழுத்து வர வேண்டும்.

தவளைமேல் தண்ணீர் வெடித்ததும் உடனே இழுத்துவிடாதீர்கள். புதியவர்கள் எல்லாரும் இங்கேதான் மீனை இழக்கிறார்கள். விரால் முதலில் அடித்துவிட்டு, பிறகு வாய்க்குள் திருப்பிக்கொண்டு கீழே போகும். நரம்பு கனப்பதை உணர்ந்து, ஒன்று இரண்டு என்று எண்ணிவிட்டு, ஓங்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். விராலின் தாடை கடினமானது. கிராப்பிக்குச் சொன்ன மெதுவான இழுப்பு இதற்கு உதவாது. பிறகு இடைவெளி கொடுக்காமல் இழுத்துக் கைவலையில் ஏந்துங்கள். நரம்பைப் பிடித்துத் தூக்கினால் தெப்பத்தின் ஓரத்தில் துள்ளி விழுந்துவிடும்.

இந்தக் காலத்தில் கரையோரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீந்துவதைக் காண்பீர்கள். கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தப் பந்தின்மேல் எது நகர்ந்தாலும் பாயும் என்பதால் அப்போது பிடிப்பது சுலபம். ஆனால் பெற்றவை போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் தின்றுவிடும். கெண்டைக் குஞ்சு விடாத ஊர்க் கண்மாயில் அந்தச் சோடியைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். கெண்டை வளர்க்கப்போகும் கண்மாயில் விட்டுவைக்க முடியாதுதான். அங்கே முதலில் துணி வலையால் குஞ்சுப் பந்தை அள்ளி, வேறு குட்டையிலோ தொட்டியிலோ வளர்க்க விடுங்கள். விரால் வளர்ப்பில் இறங்கியிருப்பவர்கள் இத்தகைய குஞ்சை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். தெலங்கானா மாநிலம் 2016-ல் விராலையே தன் மாநில மீனாக அறிவித்தது என்றால் அதன் மதிப்பை அறியலாம்.

தீபாவளிக்குப் பின்

நாரணாபுரம் பகுதிக்கு இந்த வேலை பொருந்திவருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே சிறு விவசாயக் குடும்பங்களில் யாராவது ஒருவர் பட்டாசு ஆலைக்குப் போகிறார். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் ஓய்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைவதும் அதே வாரங்களில்தான். 2018 அக்டோபரில் பேரிய உப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூலி நின்ற நாட்களில் வீட்டுக்கு வரும் நாலு கிலோ விராலுக்கு உள்ள மதிப்பே வேறு. கட்லா விலையைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் விரால் விற்கிறது. உயிரோடு விற்றால் இன்னும் கூடும். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் ஈரச்சாக்கிலோ, அடியில் சிறிது தண்ணீர் உள்ள அகன்ற பாத்திரத்திலோ பல மணி நேரம் உயிரோடு இருக்கும். பாத்திரத்தை மட்டும் மூடிக் கட்டிவிட வேண்டும். திறந்திருந்தால் விடியும்போது மீன் தெருவில் கிடக்கும்.

"விராலைப் பிடித்து முடிக்கும்வரை குஞ்சு விடாமல் இருந்தால் வளரும் காலம் போய்விடாதா?" என்று கேட்கலாம். போகும். பங்குனி சித்திரையில் வற்றும் கண்மாயில் ஒவ்வொரு வாரமும் முக்கியம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. புரட்டாசியிலேயே சின்னக் குஞ்சாக வாங்குங்கள், விலையும் குறைவு. மழைநீர் நிற்கும் பண்ணைக் குட்டையிலோ, குட்டைக்குள் கட்டிய வலைக்கூண்டிலோ விட்டுத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து கொடுத்து வளர்த்தால், கார்த்திகையில் நான்கு அங்குலத்துக்கு மேல் வந்துவிடும். நீங்கள் கண்மாயில் விரால் பிடிக்கும் நாட்களில் குஞ்சும் குட்டையில் வளர்ந்துகொண்டிருக்கும். பட்டாசு ஆலையின் கழுவுநீர் சேரும் பள்ளத்தை மட்டும் இதற்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

கண்மாய் மீன் குத்தகைதாரருக்கு உரியது. பசலி ஆண்டு ஜூலை முதல் ஜூன் முடியக் கணக்கு. அவருடைய சம்மதமில்லாமல் தெப்பம் இறக்கினால் சண்டையில்தான் முடியும். குத்தகைதாரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தூண்டில் போடும் ஊர் இளைஞர்களை விரட்டுவதற்குக் காவல் கூலி கொடுக்கிறீர்கள். அதற்குப் பதிலாக, குஞ்சு விடும்வரை விராலைப் பாதிப் பங்குக்குப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். செலவில்லாமல் கண்மாய் சுத்தமாகும். பிறகு காவலுக்கும் அதே இளைஞர்கள் நிற்பார்கள். என் அனுபவத்தில், குத்தகையில் ஊரார் பலருக்கும் பங்கு இருக்கும் கண்மாய்களில் மீன் திருட்டுக் குறைவு.

பிடித்த விராலைச் சந்தைக்கு அனுப்பும் முன் உடம்பைப் பாருங்கள். கார்த்திகை மார்கழிக் குளிரில் சிவந்த புண்கள் தெரிந்தால் கண்மாயில் புண் நோய் நுழைந்திருக்கிறது என்று பொருள். 1988-ல் வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டி நாடெங்கும் பரவிய இந்நோய் முதலில் தாக்குவது விராலைத்தான். அப்படியிருந்தால் கெண்டைக் குஞ்சு விடுவதைத் தள்ளிப்போட்டு, மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள். குட்டைகளுக்குச் சிஃபாக்ஸ் மருந்தை ஹெக்டேருக்கு ஒரு லிட்டர் வீதம் சிபாரிசு செய்கிறார்கள். நீண்ட மீசைகளுடன் முழங்கை பருமனில் ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் அதை மறுபடி தண்ணீரில் விடவே கூடாது. 2000-ஆம் ஆண்டு முதல் அதை வளர்க்கத் தடை உள்ளது. விரால் விட்டுவைத்ததையும் அது விடாது.

எல்லாக் கண்மாயிலும் விரால் பகை என்று எண்ணிவிட வேண்டாம். கெண்டை விடும் வசதியில்லாத சில கண்மாய்களில் ஜிலேபியே நிறைந்திருக்கிறது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் இரண்டு மூன்று மாத வயதிலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கி, கூட்டம் பெருகி, எல்லாமே உள்ளங்கையளவில் நின்றுவிடும். சின்னக் குட்டையில் விட்ட கிராப்பியும் இப்படித்தான் பெருகிச் சிறுத்துப்போகிறது என்று அமெரிக்க விரிவாக்கத் துறையினர் தங்கள் விவசாயிகளை எச்சரிக்கிறார்கள். ஜிலேபிக் கண்மாயில் விரால் இருந்தால் குஞ்சுகளைத் தின்று எண்ணிக்கையைக் குறைக்கும், மிஞ்சிய ஜிலேபி எடை பிடிக்கும். அங்கே ஓர் அடிக்குக் குறைந்த விராலை முள்ளிலிருந்து எடுத்துத் திரும்ப விட்டுவிடுங்கள்.

கெண்டை விடும் கண்மாயில் எப்போது நிறுத்துவது? அடுத்தடுத்து மூன்று காலை கண்மாயைச் சுற்றி வந்தும் ஓர் அடிக்கு மேற்பட்ட விரால் ஒன்றும் கடிக்கவில்லை என்றால் குஞ்சு விடலாம். ஒன்றிரண்டு எப்படியும் தங்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஏக்கருக்கு 1,000 குஞ்சுகளில் கட்லா 400, ரோகு 300, மிருகால் 300 என்று வைத்துக்கொள்ளலாம். குஞ்சுப் பையைத் திறக்காமல் இருபது நிமிடம் கண்மாய்த் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு கண்மாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தாமாக வெளியேறும்படி சாய்த்துப் பிடியுங்கள். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. மடை வாயிலும் மரத்தடியிலும் விடாமல், திறந்த தண்ணீரில் நாலைந்து இடங்களில் தெப்பத்திலிருந்தே பிரித்து விடுங்கள்.